தீம் பார்க்கில கியூவைத் தாண்டிற பாஸ்: காசு குடுக்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

இந்த மாசம் மட்டும் மூண்டு பேர் என்னட்ட இதைக் கேட்டிட்டினம். கோண்டாவிலில இருக்கிற மச்சாள் பிள்ளையளோட சிங்கப்பூர் போறா, என்னோட வேலை செய்யிற பெடியன் பாரிசில இருக்கிற தமக்கை வீட்ட போறான், எங்கட ஒழுங்கை ரீச்சர் பலாலியால பிளேன் ஏறிச் சென்னைக்குப் போறா. மூண்டு பேருக்கும் கேள்வி ஒண்டுதான், உந்தக் கியூவில நிக்காம நேர உள்ள போற பாஸை வாங்கிறதோ, இல்லாட்டி அது சும்மா காசு பிடுங்கிற வேலையோ எண்டு. ஆளாளுக்கு வொய்ஸ் மெசேஜ் போட்டுப் போட்டுத் தொண்டை வத்திப்போச்சு, அதால ஒரேயடியா இஞ்ச எழுதிவிடுறன்.

நான் இந்தப் பாஸ் ரெண்டு தரம் வாங்கியிருக்கிறன். ஒருக்கா நல்ல பிரயோசனம், ஒருக்கா சரியான நட்டம். நட்டத்துக்கு ஆரையும் குறை சொல்லேலாது, நான்தான் கணக்குப் பாக்காம அந்தரப்பட்டு வாங்கினது.

நட்டக் கதையை முதல்ல சொல்லுறன், ஏனெண்டா எங்கட ஆக்களில முக்கால்வாசிப் பேர் விடப்போற பிழை அதுதான். குடும்பமா ஒரு பார்க்குக்குப் போனம், எந்த ஊர் எண்டது வேண்டாம். நான், மனுசி, அம்மா, ரெண்டு பெடியள். வாசல்ல சனத்தைப் பாத்த உடன பயந்துபோய் ஐஞ்சு பேருக்கும் ஐஞ்சு பாஸ் வாங்கிப்போட்டன். உள்ள போனாப் பிறகு பாத்தா, அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், படியைக் கண்ட உடன "நீங்கள் போட்டு வாங்கோ, நான் இதில நிழலுக்க இருக்கிறன்" எண்டிட்டா. சின்னவன் ஒரு மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் குறைவு, அளவு தடிக்குக் கீழ தலை போகுது, நல்ல றைட் ஒண்டுக்கும் விடமாட்டன் எண்டுட்டாங்கள். மனுசி முதலாவது சுத்தலோடயே தலைச்சுத்து, சத்தி வாற மாதிரி இருக்கு எண்டு வாங்கில் ஒண்டில குந்தினதுதான், பின்னேரம் வரைக்கும் எழும்பேல்ல. கடைசியில நானும் பெரியவனும். அதிலயும் நாலாவது றைட்டோட என்ர வயிறு கைவிட்டிட்டுது, பேந்து பெரியவன் மட்டும் தனிய ஏறி இறங்கிக்கொண்டு திரிஞ்சான். ஐஞ்சு பாஸ் வாங்கி ஒண்டரைப் பாஸ் பாவிச்சிருக்கிறம்.

ஆனபடியால் முதலாவது வேலை, போக முதலே வீட்டில இருந்து தலை எண்ணுறது. எத்தினை பேர் போறம் எண்டு இல்லை, எத்தினை பேர் உண்மையா ஏறுவினம் எண்டு. பிள்ளையின்ர உயரத்தைச் சுவரில நிப்பாட்டிச் செருப்பில்லாம அளவுங்கோ, அடிமட்டத்தைத் தலையில வைச்சு வடிவா அளவுங்கோ. எல்லாப் பார்க்கின்ர இணையத்தளத்திலயும் எந்த றைட்டுக்கு எவ்வளவு உயரம் எண்டு போட்டிருக்கும். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்ரூடியோசை எடுத்தால், ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் றைட்டுக்கு 102 சென்ரிமீற்றர், ஜுராசிக் பார்க் தண்ணி றைட்டுக்கு 107, இருட்டுக்க ஓடுற மம்மி ரோலர் கோஸ்ரருக்கு 122, பற்றில்ஸ்ரார் கலக்ரிக்கா எண்ட அந்தப் பெரிய கோஸ்ரருக்கு 125. இந்த நாலிலயும் கியூ நீளும், பாஸின்ர பெறுமதியில பெரும்பங்கு இதுகளிலதான் இருக்கு. உங்கட பிள்ளை 100 சென்ரிமீற்றர் எண்டால் அந்தப் பிள்ளைக்குப் பாஸ் வாங்கிறது மழைக்க தண்ணி இறைக்கிற வேலை. உயரத்தில ஏமாத்தலாம், தலைமயிரைத் தூக்கிக் கட்டிவிடலாம் எண்டு யோசிக்காதேங்கோ, அது பெல்ட்டுக்கயும் கம்பிக்கயும் பிள்ளை ஒழுங்கா அடங்கிறதுக்கு வைச்ச கணக்கு.

இனிப் பாஸ் எண்டால் என்னென்ன விதம் எண்டு பாப்பம், ஏனெண்டா எல்லாத்தையும் எங்கட ஆக்கள் "ஃபாஸ்ட் பாஸ்" எண்டு ஒரே பேரில சொல்லுவினம், ஆனா உள்ளுக்கு வித்தியாசம் கனக்க. அந்தப் பேர் டிஸ்னியின்ரது, 1999 இல அவை அதைத் தொடங்கேக்க இலவசம், மெசினில ரிக்கற்றைப் போட்டால் எத்தினை மணிக்குத் திரும்பி வா எண்டு ஒரு துண்டு தரும், அந்த நேரத்துக்குப் போனாக் கட்டைக் கியூ. 2021 இல இருந்து அமெரிக்காவிலயும் பாரிசிலயும் அதை நிப்பாட்டிக் காசுக்கு விக்கத் தொடங்கினவை, அமெரிக்காவில இப்ப லைட்னிங் லேன், பாரிசில பிரீமியர் அக்செஸ். ஆகவே "முந்தி மாமா போகேக்க சும்மா குடுத்தவங்களாம்" எண்டு ஆரும் சொன்னால் அவர் பொய் சொல்லேல்ல, காலம்தான் மாறிப்போச்சு.

ஒரு விதம், ஒவ்வொரு றைட்டுக்கும் ஒருக்கா மட்டும் விடுற பாஸ். சிங்கப்பூரில சாதாரண யுனிவர்சல் எக்ஸ்பிரஸ் அப்பிடித்தான். இன்னொரு விதம் எத்தினை தரம் எண்டாலும் ஏறலாம், அது எக்ஸ்பிரஸ் அன்லிமிற்றட், விலையும் அதுக்கேத்த மாதிரி. மூண்டாவது, ஒரு றைட்டுக்கு எண்டு தனியா வாங்கிறது. நாலாவது ஒண்டு இருக்கு, அதிலதான் ஆக்கள் ஏமாறுறது: சில பார்க்குகளில மலிவான பாஸ் உங்கட காத்திருப்பைக் குறைக்காது, கியூவுக்க நிக்காம வெளியில நிண்டு காத்திருக்க விடும், அவ்வளவுதான். கியூ 60 நிமிசம் எண்டால் உங்களுக்கும் 60 நிமிசம்தான், அந்த நேரம் போய் ஐஸ்கிறீம் குடிக்கலாம், கதிரையில இருக்கலாம். வயசான ஆக்கள், சின்னப் பிள்ளையள் இருந்தால் அதுவும் பிரயோசனம்தான், ஆனா அதிக றைட் ஏறலாம் எண்டு நினைச்சு வாங்கினால் மனவருத்தம் மிஞ்சும். வாங்கிற பக்கத்தில உள்ள சின்ன எழுத்தை வாசியுங்கோ. இன்னொண்டு, அனேகமான இடத்தில பாஸுக்க நுழைவு ரிக்கற் இல்லை, அது தனிய, இது தனிய. பாஸை மட்டும் வாங்கிக்கொண்டு வாசல்ல போய் நிண்ட ஆக்களும் இருக்கினம்.

கியூ எப்பிடி நகருது எண்டு ஒருக்கா விளங்கினால் மிச்சம் சுகம். ஒரு றைட் மணித்தியாலத்துக்கு 1,200 பேரை ஏத்துது எண்டு வைப்பம். உங்களுக்கு முன்னால 600 பேர். பாஸ் எண்ட சாமானே இல்லாட்டி அரை மணித்தியாலத்தில நீங்கள் ஏறிடுவியள். இப்ப அந்த 1,200 இடத்தில பாதியைப் பாஸ்காரருக்கு ஒதுக்கினால், உங்கட லைனுக்கு மணித்தியாலத்துக்கு 600 இடம்தான் மிஞ்சும், அதே 600 பேருக்கு ஒரு மணித்தியாலம். ரெண்டு லைனும் சேருற இடத்தில நிக்கிற பெடியன் அந்தப் பக்கத்தால ஒரு கூட்டத்தை விட்டிட்டு இஞ்சால கொஞ்சப் பேரை விடுவான், வடிவா நிண்டு பாத்தால் தெரியும். அதாவது நீங்கள் காசு குடுத்துத் தாண்டிற கியூவில ஒரு பங்கு அந்தக் காசாலதான் உண்டானது. உதை முதல்முதல் விளங்கேக்க எனக்கு விசர் வந்தது. நல்லூரில அர்ச்சனை ரிக்கற் ஒரு ரூபா, ஆர் வந்தாலும் சேட்டைக் கழட்டிப்போட்டுச் சனத்தோட சனமா நிக்கிறதுதான். அப்பிடி வளந்த எங்களுக்கு திருப்பதியில 300 ரூபா லைனைக் கண்டாலே ஒரு மாதிரி இருக்கும். ஆனா தீம் பார்க் கோயில் இல்லை, அது கடை. கடையில ஞாயம் பேசிக்கொண்டு நிக்கேலாது, எனக்கு இது பெறுமதியோ எண்டுதான் பாக்கலாம்.

இப்ப கணக்கு. ஒரு கொப்பித் தாளும் பேனையும் காணும்.

நீங்கள் ஏற விரும்பிற றைட் எத்தினை எண்டு எழுதுங்கோ, ஆறு எண்டு வைப்பம். நீங்கள் போற மாதிரி நாளில அதுகளுக்குச் சராசரியா எவ்வளவு நேரம் நிக்க வேணும் எண்டு பாருங்கோ. பார்க்கின்ர சொந்த ஆப்பை இப்பவே ஃபோனில இறக்கி, போறதுக்கு ரெண்டு கிழமைக்கு முதலே அதே கிழமை நாளில, காலமை ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா திறந்து பாத்துக் குறிச்சு வையுங்கோ. அங்கத்தை நேரம் இஞ்சத்தை நேரம் மாறாமப் பாருங்கோ, சிங்கப்பூர் எங்களிலும் பாக்க ரெண்டரை மணித்தியாலம் முந்தி. சில ஆப் அந்த நாட்டுக்கு வெளியில இருந்து நேரம் காட்டாது, அப்பிடியெண்டால் கியூ ரைம்ஸ் எண்டு ஒரு இணையத்தளம் இருக்கு, அதில பல பார்க்குகளின்ர பழைய நாள்க் கணக்கும் கிடக்கு.

சராசரி 50 நிமிசம் எண்டு வந்தது, பாஸ் இருந்தால் 10 நிமிசம் எண்டு வைப்பம். ஒரு றைட்டுக்கு 40 நிமிசம் மிச்சம், ஆறு றைட்டுக்கு 240 நிமிசம், நாலு மணித்தியாலம். பாஸ் 80 டொலர் எண்டால் ஒரு மணித்தியாலத்தை 20 டொலருக்கு வாங்கிறியள், ஆளுக்கு. அதே பாஸ், அதே 80 டொலர், ஆனா சனம் குறைஞ்ச நாளில கியூ 20 நிமிசம்தான் எண்டால் மிச்சம் ஒரு மணித்தியாலம் மட்டும், அந்த ஒரு மணித்தியாலத்துக்கு 80 டொலர். நாலு பேருக்கு 320 டொலர், ஒரு சிங்கப்பூர் டொலருக்கு 230 ரூபா எண்டு பெருக்கினாலும் 73,600 ரூபா. ஒரு மணித்தியாலம் கூட நிக்கப் பஞ்சிப்பட்டு எழுபத்தி மூவாயிரம் குடுக்கிறதோ எண்டு அந்த இடத்தில கேள்வி தானா வரும். 2022 இல பெற்றோலுக்கு ரெண்டு நாள் ரோட்டில படுத்த சனம் நாங்கள், நாற்பது நிமிசம் நிழலுக்க ஏசிக்க நிக்கிறது ஒரு கியூவே இல்லை எண்டு என்ர அத்தான் சொல்லுவார். அது அவற்ற கணக்கு. கைக்குழந்தையோட நிண்டு பாத்தவைக்கு வேற கணக்கு.

ஆனா இந்தக் கணக்கில கட்டாயம் சேக்க வேண்டிய ஒண்டை வெளிநாட்டுக்காரர் எழுதுறதில காணமாட்டியள். அவைக்கு அது வீட்டுக்குப் பக்கத்துப் பார்க். இண்டைக்கு ஏறாட்டி அடுத்த மாசம் ஏறலாம். ரொறன்ரோவில இருக்கிற எங்கட ஆக்களில கனபேர் கனடாஸ் வண்டர்லாண்டுக்கு சீசன் பாஸ் வைச்சிருக்கினம், அவைக்கு அங்க கியூவைத் தாண்ட விக்கிற ஃபாஸ்ட் லேன் கைப்பட்டி தேவையே இல்லை, ஒரு பின்னேரம் போய் ரெண்டு றைட் ஏறிப்போட்டு வந்திடுவினம். இஞ்சயிருந்து போற எங்களுக்கு விசாவுக்கு அலைஞ்சு, கொழும்புக்கு ரெண்டு தரம் பஸ் ஏறி, பிளேனுக்குக் காசு கட்டி, வாழ்க்கையில ஒருக்கா அந்த வாசலை மிதிக்கிறம். அந்த ஒரு நாளின்ர ஒரு மணித்தியாலம் என்ன விலை எண்டு நீங்கள்தான் போடவேணும். பயணத்தின்ர முழுச் செலவையும் தங்கிற நாளால பிரிச்சுப் பாருங்கோ, ஒரு நாள் எவ்வளவு எண்டு வரும். அதைப் பாத்தாப் பிறகு சிலவேளை 80 டொலர் பெரிசாத் தெரியாது. எனக்கு ரெண்டாந்தரம் அப்பிடித்தான், நானும் பெரியவனும் மட்டும், டிசம்பர் லீவு, ரெண்டே ரெண்டு பாஸ், பத்து றைட்டுக்கு மேல ஏறினம். ஒரு சதமும் வீண்போகேல்ல.

அடுத்தது நாள். பாஸ் தேவையோ இல்லையோ எண்டதை நாள்தான் தீர்மானிக்கும், ஆனா எங்கட ஆக்களுக்கு நாளைத் தெரிவு செய்யிற சுதந்திரம் இல்லை, அதுதான் சிக்கல். தங்கிறது சித்தி வீட்டில, கூட்டிக்கொண்டு போறது சித்தப்பா, அவருக்கு லீவு சனிக்கிழமை, சனிக்கிழமைதான் உலகமே பார்க்குக்கு வரும். அவை மனம் நோகாம இதை எப்பிடிச் சொல்லுறது எண்டுதான் பெரிய வித்தை. நான் சொன்ன மாதிரிச் சொல்லுங்கோ: "சித்தப்பா, நீங்கள் மினக்கெட வேண்டாம், நாங்கள் செவ்வாய்க்கிழமை ட்ரெயினில போட்டு வாறம், சனிக்கிழமை எல்லாரும் சேந்து கோயிலுக்குப் போவம்." அவருக்கும் உள்ளுக்கு நிம்மதிதான், கார் பார்க் காசும் மிச்சம். போறது ஒண்டும் கஸ்ரமில்லை. பாரிசில ஆர்.இ.ஆர் ஏ ட்ரெயின் லைனில ஏறி மான்-லா-வலே செஸி எண்ட கடைசி ஸ்ரேசனில இறங்கினால் டிஸ்னி வாசல்தான். லைன் ரெண்டாப் பிரியும், ஆகவே பலகையில அந்தப் பேர் இருக்கோ எண்டு பாத்து ஏறுங்கோ. சிங்கப்பூரில ஹார்பர்ஃப்ரண்ட் ஸ்ரேசனில இறங்கி, விவோசிற்றி கடைத்தொகுதிக்குள்ளால, பார்க் இருக்கிற சென்ரோசாத் தீவுக்கு மோனோ ரெயில் எடுக்கலாம், இல்லாட்டிப் பாலத்தால நடந்தே போகலாம்.

கிழமை நாள் எண்டாலும் அந்த நாட்டுப் பள்ளிக்கூட லீவு பாக்க மறக்காதேங்கோ. சிங்கப்பூரில மார்ச்சில ஒரு கிழமை, ஜூன் மாசம் முழுக்க, செப்ரெம்பரில ஒரு கிழமை, நவம்பர் நடுவில இருந்து வருசம் முடியும் மட்டும். எங்கட ஓகஸ்ட், டிசம்பர் லீவுக்குத்தானே நாங்கள் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறது, அதில ஓகஸ்ட் பறவாயில்லை, டிசம்பர் எண்டால் சனம் புழுத்துக் கிடக்கும். ஐரோப்பாவில ஜூலை ஓகஸ்ட் முழுக்க அப்பிடி. அந்த நாளையில போறியள் எண்டால், ஏறுற ஆக்கள் ரெண்டு மூண்டு பேர் இருக்கினம் எண்டால், பாஸை முன்னமே வாங்குங்கோ, அது அளவா விக்கிறது, முடிஞ்சால் முடிஞ்சதுதான், விலையும் நாளுக்கு நாள் மாறும், சில நாளில நுழைவு ரிக்கற்றின்ர விலையையே தாண்டிப் போகும். சாதாரணச் செவ்வாய் புதன் எண்டால் வாங்காமப் போங்கோ. உள்ள போய்ப் பதினொண்டரை மட்டும் பாத்து, ஏலாது எண்டு கண்டால் அங்கயே ஃபோனிலயோ கவுண்டரிலயோ வாங்கலாம்.

காசில்லாமக் கியூவைக் குறைக்கிற வேலைகள் இருக்கு, இதுகளைச் செய்து பாக்காம பாஸ் வாங்கிறவையில எனக்குக் கோபம். எங்கட ஆக்களுக்கு ஒரு நோய், பத்து மணிக்குத் திறக்கிற இடத்துக்குப் பத்தரைக்கு வீட்டில இருந்து வெளிக்கிடுறது. காலமை சித்தி புட்டு அவிச்சு, சம்பல் இடிச்சு, சாப்பிட்டுப் போட்டுத்தான் போகலாம் எண்டு பிடிச்சு வைச்சிருப்பா. புட்டைக் கட்டிக்கொண்டு போங்கோ. திறக்க முக்கால் மணித்தியாலத்துக்கு முதல் வாசல்ல நிக்கவேணும். யுனிவர்சல் எண்டால் வாசலுக்கு வெளியில சுத்திற பூமிப்பந்துக்கு முன்னால நிண்டு குடும்பப் படம் எடுக்காதேங்கோ, அந்தப் பந்து பின்னேரமும் அங்கதான் சுத்திக்கொண்டிருக்கும். உள்ள விட்ட உடன நேர பெரிய றைட்டுக்குப் போங்கோ. சிங்கப்பூரில எண்டால் உள்ள போய் வலப்பக்கமா நியூயோர்க் பகுதியால சை-ஃபை சிற்றிக்கு, அங்க ட்ரான்ஸ்ஃபோமர்ஸும் பற்றில்ஸ்ராரும், அப்பிடியே அடுத்தது எகிப்து, மம்மி. பார்க் ஒரு குளத்தைச் சுத்தி வட்டமா இருக்கிறதால வழி தவறாது. அந்த முதல் ஒரு மணித்தியாலத்தில மூண்டு பெரிய றைட் முடிஞ்சுது எண்டால் பாஸின்ர அரைவாசி வேலை இலவசமா முடிஞ்சுது.

சிங்கிள் றைடர் எண்டு ஒரு வாசல் சில றைட்டுகளில இருக்கும். ஆறு கதிரைக்கு ஐஞ்சு பேர் வந்தால் மிஞ்சிற ஒரு கதிரைக்குத் தனி ஆளை ஏத்துறது. ஒண்டா வந்தாலும் வேற வேற இடத்தில இருக்க வேணும், அவ்வளவுதான். 60 நிமிசக் கியூ 15 நிமிசத்தில முடியிறதைக் கண்டிருக்கிறன். பதினைஞ்சு வயசுப் பெடியளுக்கு இது அருமை, கத்திக்கொண்டு போற ரெண்டு நிமிசத்துக்கு அம்மா அப்பா பக்கத்தில இருக்க வேணுமோ? பாரிசில ரற்றற்றூயி றைட்டுக்கும் அது இருக்கு.

கைக்குழந்தையோ உயரம் காணாத பிள்ளையோ இருந்தால் வாசல்ல நிக்கிற ஆளிட்ட "சைல்ட் சுவிற்ச்", "றைடர் சுவிற்ச்", "பேபி சுவிற்ச்" இதில ஏதோ ஒரு பேரைச் சொல்லிக் கேளுங்கோ, இடத்துக்கு இடம் பேர் மாறும். ஒராள் ஏறிப்போட்டு வர, பிள்ளையை வைச்சிருந்த மற்றாள் திரும்பக் கியூவில நிக்காமலே ஏறலாம். இது இலவசம். கேட்டால்தான் தருவினம், கேக்க வெக்கப்படுறது எங்கட ஆக்கள்தான்.

முழங்கால் வருத்தம், சக்கர நாற்காலி எண்டால் அதுக்கும் வழி இருக்கு. கன பார்க்கில இயலாத ஆக்களுக்கு வேற வாசல், கூடப் போறவைக்கும் சேத்து. ஆனா டொக்டரின்ர கடிதமோ இயலாமை அட்டையோ கேப்பினம், இஞ்சத்தை ஆசுபத்திரியின்ர தமிழ்த் துண்டு அங்க செல்லாமப் போகலாம், ஆகவே இங்கிலிசில எழுதி எடுத்துக்கொண்டு, போக முதலே பார்க்குக்கு ஈமெயில் போட்டு என்னென்ன வேணும் எண்டு கேட்டு வையுங்கோ. சும்மா நொண்டிக்கொண்டு போய் நிண்டு உண்மையா ஏலாத ஆக்களின்ர இடத்தைப் பிடிக்காதேங்கோ.

மற்றது, மத்தியானம் பன்ரெண்டரை தொடங்கி மூண்டரை மட்டும்தான் கியூ உச்சம். அந்த நேரம் ஷோ பாருங்கோ, சாப்பிடுங்கோ, அம்மாவோட நிழலுக்க இருங்கோ. பின்னேரம் பூட்டுற ரைமுக்குக் கிட்ட உள்ளூர்ச் சனம் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடும், அப்ப திரும்பப் பெரிய றைட்டுக்குப் போங்கோ. பூட்ட முதல் லைனுக்க பூந்திட்டால் அனேகமான இடத்தில ஏத்தித்தான் அனுப்புவினம். போர்ட்டில 45 நிமிசம் எண்டு போட்டிருக்கும், நிண்டு பாத்தால் கனநேரம் அதிலும் குறையத்தான் வரும்.

மழை. இதை ஒருத்தரும் யோசிக்கிறேல்ல. சிங்கப்பூரில பின்னேரம் இடி முழங்கினால் வெளியில ஓடுற றைட் எல்லாத்தையும் நிப்பாட்டிப் போடுவினம், மின்னல் அடங்கும் மட்டும் திறக்க மாட்டினம். உங்கட பாஸ் கையில, றைட் பூட்டு. அனேகமா அதுக்குக் காசு திரும்பி வராது, வாங்கேக்க ரிக் பண்ணின அந்தக் கட்டத்துக்க அது எழுதிக் கிடக்கும். ஆகவே பாஸ் வாங்கினவை வெளி றைட்டுகளைக் காலமையே முடியுங்கோ, கூரைக்குக் கீழ இருக்கிறதுகளைப் பின்னேரத்துக்கு விடுங்கோ. பராமரிப்புக்கு எண்டு எந்த றைட் எந்த நாளில பூட்டு எண்டும் இணையத்தளத்தில முன்கூட்டியே போடுவினம், நீங்கள் ஆசைப்பட்ட ஒண்டே அதில இருந்தால் பாஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இனி ஊர் ஊராக் கெதியாச் சொல்லிவிடுறன். பாரிஸ் டிஸ்னியில ஒரு றைட்டுக்கு மட்டும் எண்டு ஆப்பிலயே பாஸ் வாங்கலாம், அதால மொத்தப் பாஸ் வாங்காம, உயிரை வாங்கிற ஒண்டு ரெண்டுக்கு மட்டும் அண்டைக்கே வாங்கிறதுதான் புத்தி. டிஸ்னி ஹொட்டேலில தங்கினால் காலமை மற்றச் சனத்துக்கு முதல் உள்ள விடுவினம், ஆனா லாச்சப்பலில தமக்கை வீடு இருக்கேக்க ஆர் ஹொட்டேல் எடுக்கிறது. லண்டன்காரர் போற தோர்ப் பார்க், செசிங்ரன் பக்கம் ஃபாஸ்ட்ராக் எண்டு விக்கினம், அங்கயும் ஒரு றைட்டுக்குத் தனியா எடுக்கலாம். சுவிசில இருந்து எங்கட ஆக்கள் காரில ஓடுற ஜேர்மனி ஐரோப்பா-பார்க்கில சில றைட்டுக்கு ஆப்பில இலவசமாவே வேச்சுவல் லைன், அதாவது கியூவில நிக்காம ஃபோனிலயே இடம் பிடிக்கிறது, எடுக்கலாம், ஆப்பை இறக்காமப் போறது மடத்தனம்.

சென்னை வேற கதை. வொண்டர்லா 2025 டிசம்பரில திருப்போரூர்ப் பக்கம் திறந்திருக்கு, வொண்டர்லாக்காரர் ஃபாஸ்ட் ட்ராக் எண்டு விக்கிறதில நுழைவும் சேந்தே வரும், மேலதிகக் காசு சிங்கப்பூர் மாதிரிக் கழுத்தை நெரிக்காது. ஆனா எல்லா றைட்டுக்கும் அது செல்லாது, எதெதுக்கு எண்டு பாருங்கோ. ஞாயிறும் பொங்கல் தீபாவளி லீவும் எண்டால் வாங்கலாம், கிழமை நாள் எண்டால் ரீச்சருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்லுறன், வேண்டாம். ரெண்டு மூண்டு பள்ளிக்கூட பஸ் வந்து நிண்டால் மட்டும் மனதை மாத்துங்கோ. தண்ணி விளையாட்டுக்கு வேற உடுப்புத் தேவை, அதைக் கொண்டுபோங்கோ, வாசல் கடையில அறா விலை.

கடைசியா ஒரு சங்கடமான விசயம், காசு ஆர் குடுக்கிறது எண்டது. நீங்கள் வாய் திறந்து "அந்தப் பாஸ் இருக்காமே" எண்டு சித்தப்பாவுக்கு முன்னால சொன்னால் போதும், அவர் கார்ட்டை எடுத்துத் தட்டிப்போடுவார், ஊரில இருந்து வந்த பிள்ளையளை வெயிலுக்க நிப்பாட்டினதா கதை வந்திடும் எண்டு. அந்த மனுசன் ரெண்டு வேலை செய்து உழைக்கிற காசு. ஆகவே பாஸ் வேணும் எண்டு தீர்மானிச்சால் இஞ்சயிருந்தே ஒன்லைனில, உங்கட கார்ட்டால, வெளிநாட்டுக்குக் காசு கட்டேலுமோ எண்டு பாங்க்கிட்ட முதலே கேட்டு வைச்சு வாங்கிக்கொண்டு போங்கோ. வேண்டாம் எண்டு தீர்மானிச்சால் அங்க போய் அந்தக் கதையையே எடுக்காதேங்கோ. பார்க்கின்ர சொந்தத் தளத்திலயோ நம்பிக்கையான ஏஜெண்டிட்டயோ மட்டும் வாங்குங்கோ, பேஸ்புக்கில பாதி விலைக்குக் குடுக்கிறன் எண்டு வாறவையின்ர கியூஆர் கோட்டை ஏற்கெனவே ஒருத்தன் பாவிச்சிருப்பான்.

மச்சாளுக்கு என்ன சொன்னனான் எண்டு கேட்டால், அவ வீட்டில ஐஞ்சு பேர். மாமி ஏறமாட்டா, சின்னவள் 104 சென்ரிமீற்றர், மச்சாளுக்கு ஊஞ்சலே பயம். போறது டிசம்பர் 20க்குப் பிறகு. மூத்த பெடியனுக்கும் தேப்பனுக்கும் ரெண்டு பாஸ், முன்னமே வாங்கு, சின்னவளை ட்ரான்ஸ்ஃபோமர்ஸுக்கு மட்டும் காலமை திறந்த உடன கூட்டிக்கொண்டு போ, மாமிக்கு ஒரு தொப்பியும் விசிறியும் எடு எண்டு சொன்னன். "அப்ப மிச்ச மூண்டு பாஸ் காசுக்கு முஸ்தஃபா கடையில சாமான் எடுக்கலாம் என்ன" எண்டு கேட்டா. ஓம் எண்டன்.